ஆயிரம் கிலோமீற்றர் நேரே

எங்கள் ஊரில் பாலை என்றால் பழம். வன்னிக் காட்டிலிருந்து ஓலைப்பெட்டியில் வரும் மஞ்சள் பழம். ஆசைக்கு நாலு தின்றால் உதடு இரண்டும் பிசின் பிடித்து ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் இன்னொரு பாலையைச் சொல்லித்தந்தார். அது தனி நிலம் இல்லையாம்; முல்லையும் குறிஞ்சியும் மழையில்லாமல் திரிந்தால் அதுதான் பாலை, அதற்குரிய ஒழுக்கம் பிரிவு. சோதனையில் எழுதிப் புள்ளி வாங்கியதோடு அந்தப் பாலையை மறந்துவிட்டேன். பழத்தை மறக்கவில்லை.

மூன்றாவது பாலை அவுஸ்திரேலியாவின் நடுவில் இருக்கிறது. அதற்குள் நான் இரண்டு தரம் போயிருக்கிறேன். 1995 ஏப்ரலில் ஒரு தரம், 2024 யூலையில் ஒரு தரம். இரண்டு தரமும் அடிலெயிட்டிலிருந்து உலுரு மலைக்கு, இரண்டு தரமும் காரில், இரண்டு தரமும் "ஒரு சின்னப் பயணம்" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு. போக 1,600 கிலோமீற்றர், வர 1,600.

சின்னது, பெரியது என்பதற்கெல்லாம் எங்கள் ஊர் அளவுகோல் இந்த நாட்டில் உதவாது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்கு யாழ்தேவியில் ஏறுவதென்றால் அம்மா கோயிலில் அர்ச்சனை செய்வா, கட்டுச்சாப்பாடு கட்டுவா, அயலட்டை முழுக்கப் படலைக்கு வந்து நிற்கும். உலுருவுக்குப் போகும் வழியிலோ வூமெரா என்ற தடைசெய்யப்பட்ட பிரதேசம் மட்டும் 122,000 சதுர கிலோமீற்றர். 1947 தொடக்கம் ரொக்கெற் விட்டுப் பார்க்கிற இடம். இலங்கை முழுவதும் 65,610. ஒரு இலங்கையை வைத்து, பக்கத்தில் இன்னொன்றையும் கொஞ்சம் நெருக்கித் தள்ளினால் வைத்துவிடலாம். நெடுஞ்சாலை அதற்குள்ளால்தான் ஓடுகிறது. றோட்டை விட்டு இறங்காதவரைக்கும் உங்களை ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

1995இல் எங்களை மயக்கியது அந்தக் கடைசி வசனம்தான்.

அதற்குக் காரணம் இருக்கிறது. நான் வாழ்க்கையில் முதன்முதல் போட்ட பயணத் திட்டம் 1992இல், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு. ரயில் 1990உடன் நின்றுவிட்டது. ஆனையிறவுப் பாதை பூட்டு. வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும். பாஸ் எடுக்கப் பிணைக்கு ஆள் வேண்டும். கிளாலிக் கடலேரியை இரவில், விளக்கில்லாத படகில் கடக்கவேண்டும். மறுகரையிலிருந்து கிடைத்த வாகனத்தில் வவுனியா. அங்கே ஆமிக்காரரின் விசாரணை. கொழும்பில் பொலிஸ் பதிவு. பட்டியல் நாலே நாலு வரி: பாஸ், அடையாள அட்டை, பொலித்தீன் பையில் சுற்றிய சேர்ட்டிபிக்கேற்றுகள், அம்மா தந்த விபூதி. 400 கிலோமீற்றருக்கு மூன்றரை நாள். எங்கே, ஏன், எத்தனை நாள், யார் வீட்டில் என்று வழியில் எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை எண்ணத் தொடங்கிப் பதினேழில் விட்டுவிட்டேன்.

அப்படி வந்தவனிடம் அடிலெயிட்டில் வேலையிடத்துக் கிழவர் ஒருவர், "உலுருவுக்கோ? நேரே மேலே போ, வந்துவிடும்" என்றார். யாரிடம் கேட்கவேண்டும் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. "எதுக்கு?" என்றார்.

அந்த "எதுக்கு?"வை வீட்டுக்குக் கொண்டுவந்து மற்ற இரண்டு பேருக்கும் சொன்னேன். நாங்கள் மூன்று பேரும் ஒரு பிளாற்றில் இருந்த பெடியள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு பழைய கொரோலா. ஈஸ்டர் விடுமுறையோடு ஒரு நாள் லீவு சேர்த்தால் ஐந்து நாள். இரண்டு மாதம் திட்டம் போட்டோம்.

தென் அவுஸ்திரேலிய வாகனக்காரர் சங்கமான ஆர்.ஏ.ஏ.யில் அங்கத்தவர் அட்டையைக் காட்டி வரைபடம் எடுத்தோம். விரித்தால் சாப்பாட்டு மேசை போதவில்லை. நிலத்தில் விரித்து, முழங்காலில் நின்று படித்தோம். இரண்டு கிழமைப் படிப்பின் முடிவில் தெரிந்தது இதுதான்: அடிலெயிட்டை விட்டால் திரும்பவேண்டிய இடம் இரண்டு. போர்ட் ஒகஸ்டாவைக் கடந்ததும் வலப்பக்கம். ஏர்ல்டண்டாவில் இடப்பக்கம். இரண்டுக்கும் இடையில் ஆயிரம் கிலோமீற்றர் நேரே. ஆனாலும் ஒருவன் வரைபடத்தோடு முன்சீற்றிலேயே இருக்கவேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினோம். அந்தப் பதவிக்குப் போட்டியும் இருந்தது.

தண்ணீர்க் கணக்கு எங்களில் கணித வாத்தியாரின் மகனுக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லீற்றர், மூன்று பேர், ஐந்து நாள், 150 லீற்றர். கான்களில் நிரப்பி டிக்கியில் ஏற்றியதும் கார் தவளைபோலப் பின்பக்கம் குந்தியது. 60 லீற்றருக்கு இறக்கினோம். அதோடு இரண்டு மேலதிகச் சில்லு, ஒரு ஃபான் பெல்ற், ஒரு ரேடியேற்றர் குழாய், பன்னிரண்டு மீன் ரின், நாலு பாண், நண்பனின் அக்கா இடித்துத் தந்த ஒரு போத்தல் சம்பல். அக்காவிடம் ஒரு பொறுப்பும் கொடுத்தோம்: வழியில் ஒவ்வொரு றோட்ஹவுசிலிருந்தும் கோல் எடுப்போம், இரவு எட்டு மணிக்குள் வராவிட்டால் பொலிசுக்குச் சொல்லவேண்டும்.

முதல் கோல் மத்தியானம், கிளென்டாம்போவில். அந்த ஊரின் பெயர்ப்பலகை பிரசித்தம்: செம்மறி 22,500, இலையான் ஏறத்தாழ 2,000,000, மனிதர் 30. காசு போட்டுக் கோல் எடுத்தோம். அக்கா வீட்டில் இல்லை, சாமான் வாங்கப் போயிருந்தா. அதற்குப்பிறகு நாங்களும் மறந்துபோனோம், அக்காவும் மறந்துபோனா. ஆறாம் நாள் சம்பல் போத்தலைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான், "ஓ, நீங்கள் போனனீங்களெல்லே?" என்றா.

இனி 2024.

இந்தமுறை திட்டம் மகளுடையது. அவள் முதலில் செய்தது ஒரு வட்ஸ்அப் குழு. எங்கள் குடும்பம், மெல்பேர்ணிலிருந்து மச்சான் குடும்பம், மொத்தம் ஒன்பது பேர். பத்தாவது ஆளாக ரொறன்ரோவில் இருக்கும் என் பெரியக்கா. அவ வரவில்லை. ஆனால் எல்லாம் தெரியவேண்டும். ஏழு தாள் உள்ள எக்செல் கோப்பு ஒன்று வந்தது. சாப்பாட்டுக்கு ஒரு தாள், அதில் வெள்ளிக்கிழமை மரக்கறிக்காரருக்குத் தனி நிறம். யார் எந்தக் காரில், யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது என்பதற்கும் ஒரு தாள். எந்த மாதம் போவது என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். யூலை வென்றது.

மச்சான் தன்னுடைய மின்சாரக் காரில்தான் வருவேன் என்றார். எங்கே சார்ஜ் பண்ணுவது, எத்தனை மணித்தியாலம், எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள் என்று பத்து நாள் விவாதம். இறுதியில் இரண்டு நாலுசில்லு இயக்க வாகனங்களை வாடகைக்கு எடுப்பதென்று முடிவாயிற்று, "பாலைவனமெல்லே" என்று. அந்த றோட்டின் தென் அவுஸ்திரேலியப் பகுதிக்கு 1987இலேயே முழுவதும் தார் போட்டாயிற்று. எங்கள் கொரோலாவே ஓடிய றோட்டு அது என்று சொன்னேன். "அப்பா, அது அப்ப" என்றாள் மகள். தார் அப்போதும் தார்தானே என்று நான் கேட்கவில்லை.

எனக்கென்று ஒரு பொறுப்பும் தரவில்லை. "நீங்கள் போன ஆளெல்லே, அனுபவத்தைச் சொல்லுங்கோ" என்றார்கள். சொன்னேன். முதலாவது, இலையான். 1995 ஏப்ரலில் மூக்குக்குள்ளும் வாய்க்குள்ளும் போய்வந்தது. முகத்துக்கு வலை கட்டிய வெள்ளைக்காரரைப் பார்த்து நாங்கள் சிரித்துவிட்டு, இரண்டாம் நாள் பொறாமைப்பட்டோம். மகள் உடனே பன்னிரண்டு வலை ஓடர் பண்ணினாள், மூன்று நிறத்தில். இரண்டாவது, உடுப்பு. "பாலைவனத்திலை என்ன குளிர்? எனக்கு ஒரு சேர்ட் காணும்" என்றேன். அவளுடைய தாளில் யூலை மாத இரவு வெப்பநிலை சிவப்பு எழுத்தில் இருந்தது. நான் அனுபவசாலி, தாளைப் பார்க்கவில்லை.

யூலையில் அங்கே இலையான் இல்லை என்றே சொல்லலாம். பன்னிரண்டு வலையும் பிரிக்காமலே திரும்பி வந்தன. உலுருவுக்குப் பக்கத்து யுலாராவில் விடியப்புறம் தண்ணீர்ப் போத்தலில் பனிக்கட்டி மிதந்தது. அனுபவசாலி மகளுடைய இளநீலக் கம்பளிச் சால்வையைப் போர்த்துக்கொண்டு சூரிய உதயம் பார்த்தார். அந்தப் படம் இப்போது குழுவின் முகப்புப் படம்.

வழி சொல்லும் பதவி போனிடம் போயிருந்தது. போர்ட் ஒகஸ்டாவில் வலப்பக்கம் திரும்பியதும் அந்தப் பெண்குரல், ஆயிரம் சொச்சம் கிலோமீற்றர் நேரே போகும்படி சொல்லிவிட்டு வாயை மூடியது. பிறகு மறுநாள் பின்னேரம்தான் பேசியது. இவ்வளவு குறைந்த வேலைக்கு முன்சீற்றில் இருந்து சம்பல் பாணையும் தின்ற அந்த நண்பனை நினைத்துக்கொண்டேன்.

பிம்பாவைத் தாண்டியதும் போனின் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கின. இந்த இடத்தில் ஒரு பழங்கதை சொல்லவேண்டும். ஜோன் மெக்டூவல் ஸ்டூவர்ட் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1862இல் தெற்கிலிருந்து வடகடல்வரை போய் வந்தார். இந்த நெடுஞ்சாலைக்கு அவர் பெயர்தான். அவர் போன தடத்தை ஒட்டிப் பத்து வருடத்தில், 1872இல், போர்ட் ஒகஸ்டாவிலிருந்து டார்வின்வரை 3,200 கிலோமீற்றருக்குத் தந்திக்கம்பி இழுத்துவிட்டார்கள். 36,000 தூண். மரமில்லாத இடங்களுக்குத் தூணையும் சாமானையும் சுமந்தவை ஒட்டகங்கள். அவற்றை மேய்த்து வந்தவர்களை இங்கே "ஆப்கான்" என்றார்கள். உண்மையில் பலர் பிரித்தானிய இந்தியாவின் பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப் பக்கத்து ஆட்கள். அடிலெயிட்டிலிருந்து அலிஸ் ஸ்பிரிங்ஸுக்கும் டார்வினுக்கும் போகும் 'கான்' ரயிலின் பெயர் அவர்களுடைய மிச்சம். 1872இல் அடிலெயிட்டில் ஒருவர் செய்தி கொடுத்தால் இந்தப் பாலையைத் தாண்டி, கடலுக்குக் கீழால் ஜாவா போய், லண்டன்வரைக்கும் போகும். 2024இல் கிளென்டாம்போவுக்கும் கூபர் பீடிக்கும் இடைப்பட்ட 254 கிலோமீற்றரில், ரொறன்ரோவுக்குப் போகவேண்டிய என் செய்தி சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது.

ரொறன்ரோவில் என்ன நடந்ததென்று பிறகுதான் தெரியும். மகள் எங்கள் இருப்பிடத்தை நேரலையாகக் குழுவில் விட்டிருந்தாள். பெரியக்கா நித்திரை கொள்ளாமல் அந்த நீலப்புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தா. புள்ளி ஓரிடத்தில் நின்றது. பத்து நிமிடம், அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம். அக்கா லண்டனுக்கு எடுத்தா, லண்டன் பரிசுக்கு எடுத்தது, பரிஸ் நல்லூரடியில் இருக்கும் சித்திக்கு எடுத்தது. சித்தி பிள்ளையார் கோயிலில் ஒன்பது பேரின் பெயருக்கும் அர்ச்சனை செய்வித்தா. நாங்கள் கூபர் பீடியில் இறங்கி, சிக்னல் வந்து, 143 செய்திகள் வரிசையாக விழுந்தபோது கடைசிச் செய்தி சித்தியுடையது: "பிரசாதம் எடுத்து வைச்சிருக்கிறன்." 1995இல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, அதனால் ஒருவரும் பயப்படவில்லை. இப்போது எல்லோருக்கும் பாதி தெரிகிறது.

கூபர் பீடியில் இரண்டு தரமும் நிலத்துக்குக் கீழேதான் படுத்தோம். 1915இல் பதினாலு வயதுப் பெடியன் ஒருவன் அங்கே ஒப்பல் கல் கண்டெடுத்தான். அன்றிலிருந்து ஊர் முழுக்கக் கிண்டிக்கொண்டிருக்கிறது. ஊரின் பெயரே ஆதிக்குடி மொழியில் 'வெள்ளைக்காரனின் பொந்து' என்பதிலிருந்து வந்ததென்பார்கள். கோடையில் வெளியே 40 பாகையைத் தாண்டும். பாறையைக் குடைந்த வீட்டுக்குள் வருடம் முழுக்க 23, 24. அதனால் சனம் கீழே குடியிருக்கிறது. கீழேயே தேவாலயம், கீழேயே விடுதி.

1995இல் அந்த விடுதியின் படிகளில் இறங்கும்போது மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினோம். யாழ்ப்பாணத்தில் எங்கள் எல்லோர் வீட்டு வளவிலும் பங்கர் இருந்தது. பனங்குற்றி போட்டு, மண்மூட்டை அடுக்கி, பொம்மர் வரும்போது பாய்ந்து இறங்குகிற குழி. அதற்கும் ஒரு திட்டப் பட்டியல் உண்டு: ரோச், பிஸ்கற், தண்ணீர், காணி உறுதி. இங்கே அதே மண்மணம், அதே இருட்டு, தலைக்கு மேலே அதே கனம். ஆளுக்குப் பன்னிரண்டு டொலர் கொடுத்திருந்தோம். விளக்கை அணைத்ததும் கணித வாத்தியாரின் மகன் எழும்பி, தலையணையையும் எடுத்துக்கொண்டு, "மச்சான், நான் காருக்குள்ளை படுக்கிறன்" என்றான். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நாங்களும் போனோம். கொரோலாவுக்குள் மூன்று பேரும் 60 லீற்றர் தண்ணீரும், மேலே பெரிய வானமும்.

2024இல் அதே ஊரில் அறை ஒன்றுக்கு அதைப்போலப் பல மடங்கு. ஐந்து நட்சத்திர விமர்சனங்கள், சுவரில் நேரடியாகக் குடைந்த புத்தகத் தட்டு. "எவ்வளவு அமைதி, சத்தமே இல்லை" என்று மகள் நாலு படம் எடுத்தாள். சத்தமில்லை என்பது உண்மை. பங்கருக்குள்ளும் அப்படித்தான், வெளியே நடக்கிறது முதலில் கேட்காது. அதை அவளுக்குச் சொல்லவில்லை. நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கினேன் என்று காலையில் எல்லோரும் முறைப்பட்டார்கள். முப்பது வருடத்தில் நான் கண்ட முன்னேற்றத்தில் இதைத்தான் முதலில் எழுதவேண்டும்.

குல்கெராவுக்கு முன்னால் வட பிரதேச எல்லை வரும். 1995இல் அந்தப் பக்கம் நெடுஞ்சாலைக்கு வேக எல்லை கிடையாது. சுதந்திரம் என்றால் இதுதான் என்று நண்பன் பெடலை நிலத்தோடு அமத்தினான். கொரோலா 120இல் நடுங்கத் தொடங்கியது. சட்டம் விட்டது, கார் விடவில்லை. 2007இலிருந்து எல்லை 130. வாடகைக் கார் கேட்டால் 200 போகும். மகள் பெற்றோல் சிக்கனத்துக்காக 110இல் பூட்டிவிட்டாள். இரண்டு தரமும் எங்களை முந்திப்போனவை 53 மீற்றர் நீள றோட் ரெயின்கள்.

இப்போது நான் இவ்வளவு நேரமும் தள்ளிக்கொண்டு வந்த விசயத்துக்கு வரவேண்டும்.

1995இல் எங்கள் திட்டத்தின் கடைசி வரி "மலை ஏறுதல்". உலுரு 348 மீற்றர் உயரம். ஏறுபவர்கள் பிடிக்கச் சங்கிலி கட்டியிருந்தார்கள். அந்த மலை அனங்கு மக்களுடையது. 1985 ஒக்ரோபர் 26இல் அரசாங்கம் அதைச் சட்டப்படி அவர்களிடம் திருப்பிக் கொடுத்து, அவர்கள் அதை 99 வருடக் குத்தகைக்குத் தேசியப் பூங்காவாக விட்டிருந்தார்கள். ஏறவேண்டாம், அது எங்களுக்குப் புனிதமான பாதை என்று அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். தண்ணீருக்கு மூன்று தரம் கணக்குப் பார்த்த நாங்கள் அதை விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தேவையில்லாத நாடு என்பதற்காகத்தானே வந்தோம். சங்கிலியைப் பிடித்து ஏறினோம். உச்சியில் நின்று படம் எடுத்தோம். எங்களைத் தடுக்க ஒரு சென்றி இல்லை, பாஸ் கேட்க ஒரு பெடியன் இல்லை. எனக்குக் கண் கலங்கியது. இறங்கி வரும்போது செங்கல் நிறத்தில் கையளவு கல் ஒன்றை எடுத்துச் சேர்ட் பைக்குள் போட்டேன்.

அதே வருடம் ஒக்ரோபர் 30, அம்மாவுக்கும் ஒரு பயணத் திட்டம் வந்தது. வெளியேறும்படி பின்னேரம் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், இரவுக்குள் யாழ்ப்பாணத்தில் வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டது. நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் லட்சக்கணக்கான சனம். பட்டியல் எழுத நேரமில்லை. ஒரு பை. வீட்டுச் சுவாமி அறையில் அப்பு காலத்துப் பிள்ளையார் அங்கேயே நின்றுவிட்டார். பிறகு அம்மா வீட்டைப் போய்ப் பார்க்கவேயில்லை.

1998இல் அம்மா அடிலெயிட்டுக்கு வந்தா. வந்த மூன்றாம் நாள் என் மேசையில் கடுதாசி பறக்காமல் வைத்திருந்த கல்லைக் கண்டா. கழுவினா. வெற்றிலையில் வைத்து விபூதி பூசி, சந்தனப் பொட்டு வைத்தா. பிள்ளையார் வந்துவிட்டார். பிள்ளையாருக்கு உருவம் முக்கியமில்லை. மஞ்சளிலும் சாணியிலும் வருபவர் செங்கல்லில் வரமாட்டாரா? கும்பிட்டு எழும்பும்போதுதான் கேட்டா:

"கேட்டுத்தானே எடுத்தனி?"

"ஓம் அம்மா" என்றேன்.

அம்மா 2016இல் போய்விட்டா. 2019 ஒக்ரோபர் 26இல் மலையேற்றத்தை நிரந்தரமாக மூடினார்கள். முதல் நாள் கடைசித் தரமாக ஏற எறும்புபோல நின்ற வரிசையைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். "சொல்லியும் ஏறுகினமே, என்ன சனம்" என்றாள் மகள். நான் தேத்தண்ணி போட எழும்பினேன். ஆனால் பழைய அல்பம் என்று ஒன்று இருக்கிறதே. உச்சிப் படத்தைக் கண்டுபிடித்தாள். அதிலிருந்து கல்லுக்கு வர அவளுக்கு இரண்டு கேள்விதான் தேவைப்பட்டது.

எக்செல் கோப்பின் ஏழாவது தாளில் ஒரே ஒரு வரி இருந்தது. பொருள்: கல். எண்ணிக்கை: 1. நிறை: 412 கிராம். சமையலறைத் தராசில் நிறுத்திருந்தாள். பக்கத்தில்: 'திருப்பிக் கொடுக்க.'

மனைவி சம்மதிக்கவில்லை. "இருபத்தாறு வருசமாய் விளக்கு வைச்ச பிள்ளையாரை எப்படி அனுப்புறது?" ஐயருக்குப் போன் எடுத்தோம். "பிரதிஷ்டை செய்ததோ?" என்று கேட்டார். அம்மா விபூதி பூசினது மட்டும்தான் என்றோம். "அப்ப பாதகமில்லை, கடலிலை விடுங்கோ" என்றார். "அது கடலின்ரை கல் இல்லையே ஐயா" என்றாள் மகள். ஐயர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார்.

பிள்ளையார் முன்சீற்றில், நவிகேற்றரின் இடத்தில், பட்டுத் துணியில் வந்தார்.

மலையடிவாரத்தில் 1995 ஒக்ரோபரில், நாங்கள் போய்வந்த ஆறு மாதத்துக்குப் பிறகு, அனங்கு மக்களின் பண்பாட்டு நிலையம் திறக்கப்பட்டிருந்தது. உள்ளே படம் எடுக்கக்கூடாது. நான் ஒரு மன்னிப்பு உரையை ஏர்ல்டண்டாவிலிருந்து மனனம் செய்துகொண்டு வந்திருந்தேன். மேசையில் இருந்த பெண் அதைப் பாதியில் நிறுத்தினாள். உலகம் முழுவதிலுமிருந்து தபாலில் இப்படிக் கற்கள் வருகின்றன. 'மன்னிப்புக் கற்கள்' என்றே அவற்றுக்குப் பெயர். அவள் கேட்டது ஒன்றுதான். எந்த இடத்தில் எடுத்தீர்கள்?

இரண்டு மாதம் வரைபடம் படித்தவன், வாயடைத்து நின்றேன். எடுத்த இடம் தெரியாவிட்டால் திருப்பி வைக்கிற இடமும் தெரியாது. கல்லின் ஒரு பள்ளத்தில் விபூதி வெள்ளையாக இறுகியிருந்தது. அவள் விரலால் தடவி இது என்ன என்றாள். சாம்பல் என்றேன். என் அம்மா வைத்தது, மரியாதைக்கு. அவள் கல்லைத் துணியோடேயே வாங்கி வைத்தாள்.

வெளியே வந்தால் மலையில் பழைய ஏறுபாதை வெள்ளைத் தழும்பாகத் தெரிகிறது. சங்கிலியை எடுத்துவிட்டார்கள், தழும்பு நிற்கிறது. அந்தத் தழும்பில் எங்கள் ஆறு செருப்பின் தேய்மானமும் இருக்கிறது. ஒன்பது பேரும் அடிவாரத்தைச் சுற்றிப் பத்து கிலோமீற்றர் நடந்தோம். மச்சான் இடைக்கிடை குனிந்தபோதெல்லாம் மகள் பார்த்தாள். அவர் சப்பாத்துக் கயிற்றைத்தான் கட்டினார்.

திரும்பி வந்ததும் மகள் இணையத்தில் ஒரு பிள்ளையார் ஓடர் பண்ணித் தந்தாள். சீனாவிலிருந்து ஏழு நாளில் வந்தார். பெட்டிக்குள் கடனட்டை ரசீது இருந்தது. இவரைக் கேட்டு, காசு கொடுத்துத்தான் எடுத்திருக்கிறோம்.

இந்தப் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு இரண்டு பயணத்திலும் சேர்த்து நான் படித்தது இவ்வளவுதான். கிளென்டாம்போவில் பெற்றோல் நிரப்புங்கள், அதற்கப்பால் 254 கிலோமீற்றருக்குக் கிடையாது. இருட்டினால் ஓடாதேயுங்கள், கங்காருவும் மாடும் றோட்டுக்கு வரும். யூலையில் கம்பளி, ஏப்ரலில் இலையான் வலை. ரொறன்ரோவுக்கு நீலப்புள்ளி அனுப்பாதேயுங்கள். மேலதிகச் சில்லு ஒன்று காணும். போகும்போது இருந்த பாரத்தைவிட ஒரு கிராமும் கூடாமல் திரும்பி வாருங்கள். எங்கள் கார் 412 கிராம் குறைந்து வந்தது.